எச்சம், எலி, ஏகாதிபத்தியம்

1966 ஆகஸ்ட் மாதம் லண்டனில், பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் தலைமை அதிகாரி சர் பால் கோர்-பூத் ஒரு கோப்பின் மேல் பேனாவைத் திறந்தார். இந்தியப் பெருங்கடலில் கிடக்கும் சாகோஸ் தீவுக்கூட்டத்தைப் பற்றிய கோப்பு. கொஞ்சம் பாறைகளை நம் கைக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் இந்தக் காரியத்தின் நோக்கம். கடற்காகங்களைத் தவிர அங்கே பூர்வகுடி என்று யாரும் இருக்கப்போவதில்லை. கடற்காகங்களுக்கோ இன்னும் கமிட்டி ஏதும் அமையவில்லை என்று எழுதினார். ஐ.நா.வின் பெண்கள் கமிட்டிக்குப் பறவைகளின் உரிமை பொறுப்பில் இல்லை என்று அடைப்புக்குறிக்குள் ஒரு நக்கல் வேறு. லண்டன் கொச்சையில் 'பறவை' என்றால் இளம்பெண். அய்யாவின் சிலேடை புரிகிறதல்லவா?

டெனிஸ் கிரீன்ஹில் என்ற இன்னோர் அதிகாரிக்குப் புரிந்தது. துரதிர்ஷ்டவசமாக அந்தப் பறவைகளோடு எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியாத சில டார்ஜான்களும் இருக்கிறார்கள் என்று அவரும் தன் பங்குக்கு எழுதினார். மேலதிகாரி ஜோக் அடித்தால் அடுத்தவர் இரண்டு மடங்கு சிரிக்க வேண்டும் என்பது நம் கோட்டை வட்டாரத்து வழக்கம் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரிஜினல் லண்டனில்தான் இருந்திருக்கிறது.

அந்தக் கோப்பில் இரண்டு பிழைகள். முதலாவது சின்னப் பிழை. சாகோஸில் கடற்காகங்கள் கூடு கட்டுவதில்லை. அங்கே குடும்பம் நடத்துகிறவை ஆலாக்கள், நாடிகள், பூபிகள், ஃபிரிகேட் பறவைகள் என்று வேறு ஜாதி. உலகத்தில் கால்வாசியை ஆண்டு களைத்தவர்களுக்குப் பறவைக்குப் பறவை வித்தியாசம் தெரியாமல் போனதை மன்னிக்கலாம். இரண்டாவது பிழையை மன்னிப்பது கஷ்டம். கமிட்டி இருந்தது. தண்ணீருக்கு அடியில் இருந்தது. மனிதன் மரக்கலம் கட்டுவதற்கு முன்பிருந்தே கூடிக்கொண்டிருந்தது. அதன் தீர்மானங்கள் எல்லாமே எச்சத்தால் எழுதப்பட்டவை.

ஒருவர் தக்கவரா தகாதவரா என்பது அவர் விட்டுச்செல்லும் எச்சத்தில் தெரியும் என்று வள்ளுவர் சொன்னபோது பிள்ளைகளையோ புகழையோ மனதில் வைத்திருப்பார். உரையாசிரியர் எவருக்கும் பூபிப் பறவை ஞாபகம் வரவில்லை. இந்தக் கட்டுரை முடியும்வரை அந்தக் குறளை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். புலவர்கள் பொறுத்தருள்க.

கன்னியாகுமரியில் கடலைப் பார்த்து நின்று, தெற்கே சற்று மேற்காகச் சாய்ந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல் போனால் சாகோஸ் வரும். மாலத்தீவின் கடைசித் தீவிலிருந்து கணக்குப் பண்ணினால் சுமார் 500 கிலோமீட்டர். ஐம்பத்துச் சொச்சம் தீவுகள். எல்லாமே முருகைக்கல்லும் மணலும் சேர்ந்து தண்ணீருக்கு மேல் தலைகாட்டியவை. மலை கிடையாது, ஆறு கிடையாது.

அந்தத் தெளிந்த நீலக்கடல் சுற்றுலா விளம்பரத்தில் பார்க்க அழகாக இருக்கும். மீனின் கண்ணுக்கு அது காலியான அரிசிப் பானை. தண்ணீர் தெளிவாக இருக்கிறதென்றால் அதில் சத்து இல்லை என்று அர்த்தம். நைட்ரஜன் இல்லை, பாஸ்பரஸ் இல்லை. ஆனால் அந்தப் பானைக்கு நடுவே பவளப்பாறைகள் மட்டும் திருவிழாக் கடைத்தெரு மாதிரி நெரிசலாக இருக்கின்றன. இது எப்படி என்ற புதிரின் மேல் இன்றும் சார்லஸ் டார்வின் பெயர்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. பவளத்தீவுகள் எப்படி உருவாகின்றன என்று 1842இல் அவர் புத்தகம் போட்டார். சாகோஸ் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததில்லை. அங்கே கடலளவை செய்த கேப்டன் மோர்ஸ்பி கொடுத்த விவரங்களை வைத்துக்கொண்டு எழுதினார். நான் இப்போது செய்துகொண்டிருக்கும் அதே வேலைதான். அவர் தாடி மட்டும் பெரிது.

பவளத்துக்குச் சாப்பாடு வரும் வழிகள் பல. அதில் ஒன்று வானத்திலிருந்து விழுகிறது. கடற்பறவைகள் அடிப்படையில் துபாய்க்காரர்கள். சம்பாதிப்பது வெளியூரில், செலவழிப்பது சொந்த ஊரில். விடிந்ததும் கிளம்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஆழ்கடலில் பறக்கும் மீனையும் கணவாயையும் பிடித்துத் தின்றுவிட்டு, தீவுக்குத் திரும்பி வந்து, குஞ்சுக்குப் பாதியைக் கக்கிவிட்டு, மீதியைப் பின்வழியாகப் பட்டுவாடா செய்யும். மழை பெய்தால் அது மண்ணில் ஊறி, கசிந்து, கரையோரப் பவளத்துக்குப் போய்ச் சேரும். பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி அதை வாங்கிக்கொள்ளும். பாறை மேல் பாசி தழைக்கும். பாசியை மேய மீன் வரும்.

அந்த மீன்களில் கிளிமீன் என்று ஒன்று உண்டு. கிளி அலகு போன்ற பல்லால் பவளக்கல்லையே நறநறவென்று கடித்து, பாசியை எடுத்துக்கொண்டு, கல்லை மாவாக அரைத்து வெளியே விடும். அந்த மாவுதான் கரையில் ஒதுங்கி வெண்மணல் ஆகிறது. தேனிலவுத் தம்பதிகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாதம் கூச நடக்கிறார்களே, அந்த மணலில் கணிசமான பங்கு கிளிமீன் கழித்தது. பறவை கழித்ததில் பாசி வளர்ந்து, பாசி தின்ற மீன் கழித்ததில் தீவு வளர்ந்து, தீவின் மேல் பறவை வந்து முட்டையிடுகிறது. கமிட்டியின் அரசியல் சாசனம் இவ்வளவுதான். அம்பேத்கர் தேவைப்படவில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அந்தப் பக்கம் வந்தார்கள். டியாகோ கார்சியா, பெரோஸ் பான்யோஸ் என்று ஆள் பெயர்களாகத் தீவுகளுக்குச் சூட்டினார்கள். பிறகு, பெயர்சூட்டு விழாவுக்கு வந்து மொய் வைக்காமல் நழுவும் உறவினர் போலப் போய்விட்டார்கள். கமிட்டிக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை.

ஐரோப்பிய மாலுமிகள் பறவைகளுக்கும் பெயர் வைத்தார்கள். 'பூபி' என்றால் மடையன். 'நாடி' என்றாலும் மடையன். ஆள் கிட்டே போனாலும் பறக்காமல், கழுத்தைச் சாய்த்து 'யாரப்பா நீ' என்பது போலப் பார்க்கும் பறவைக்கு அவர்கள் தந்த பட்டம் இது. மனிதனையே பார்த்திராத பறவைக்கு மனிதனிடம் பயம் எங்கிருந்து வரும்? எலியையும் அது பார்த்ததில்லை. வினை அங்கேதான் இருந்தது.

1780களில் மொரீஷியஸிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் டியாகோ கார்சியாவில் தென்னந்தோப்பு போட்டார்கள். 1786இல் பம்பாயிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு கோஷ்டியை அனுப்பியது: யாரும் இல்லாத தீவு, போய்க் கொடியை நட்டுவிட்டு வாருங்கள். போனவர்கள் பார்த்தால் ஏற்கெனவே பிரெஞ்சுக்காரன் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறான். காலி மனை என்று புரோக்கர் சொன்னதை நம்பி வாங்கி, வேலி போடப் போன இடத்தில் ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலைமை புரியும். சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் கம்பெனி மூட்டையைக் கட்டியது.

அதே 1786 மே மாதம் 'அட்லஸ்' என்ற கப்பல் டியாகோ கார்சியா பவளப்பாறையில் மோதி உடைந்தது. கடல்வரைபடம் தப்பு. கப்பலில் முதன்மைத் துணை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் தப்பிப் பிழைத்தார். படம் போட்டவனைத் திட்டி ஓயாமல், தானே சரியான படங்கள் போட ஆரம்பித்தார். 1810இல் கம்பெனியின் கடல்வரைபட அதிகாரியே ஆகிவிட்டார். மொத்த சாகோஸ் சரித்திரத்தில் பவளப்பாறையில் முட்டிக்கொண்டு புத்தி பெற்றவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் முட்டிக்கொண்டதோடு சரி.

அந்தக் காலத்துக் கப்பல்களில் பயணிகள் பட்டியலில் சேராத பயணிகள் உண்டு. கருப்பு எலி. நங்கூரக் கயிற்றில் நடந்தோ, உடைந்த பலகையில் மிதந்தோ, தேங்காய்ச் சாக்கில் தூங்கியோ தீவு தீவாக இறங்கினார்கள். தேதி போட்டுச் சொல்ல ஆவணம் இல்லை; எலிகள் லண்டனுக்குக் கடிதம் எழுதும் வழக்கம் வைத்துக்கொள்ளவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நடந்த குடியேற்றம் அது. கருப்பு எலிக்குப் பூர்வீகம் நம் இந்தியப் பக்கம் என்பது உயிரியல் உண்மை. உலகம் பூராவும் வெள்ளைக்காரன் காலனி பிடித்த கப்பல்களிலேயே டிக்கெட் இல்லாமல் ஏறி, அவனைவிடப் பெரிய காலனி பிடித்தவர் நம்மூர்க்காரர். பிள்ளையாரைச் சுமந்து பழகியவருக்குக் கப்பல் பயணம் என்ன பிரமாதம்.

கடற்பறவைகள் அனேகமாக ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். வெள்ளை ஆலா கூடுகூடக் கட்டாது. மரக்கிளையில் ஒரு பள்ளம் பார்த்து முட்டையை வைத்துவிட்டு, இனி கடவுள் விட்ட வழி என்று இருக்கும். சில ஜாதிகள் வெறும் தரையிலேயே இடும். எலிக்கு இது இருபத்துநான்கு மணி நேர முட்டை புரோட்டாக் கடை. முட்டை, குஞ்சு, சமயத்தில் தாய்ப்பறவை என்று காலி செய்தது. எதிர்க்கட்சி கிடையாது.

கூட்டணிக்குத் தென்னை வந்தது. தோப்புக்காக நாட்டு மரங்களை வெட்டித் தள்ளினார்கள். பூபிகள் கூடு கட்டத் தேடுவது அந்த நாட்டு மரங்களைத்தான். ஆடுகிற தென்னை மட்டை அவற்றுக்குப் பிடிக்காது. எலிக்கோ தென்னங்கொண்டை சொந்த பங்களா. குரும்பையைக் கடித்துத் தள்ளும் எலியோடு மல்லுக்கு நிற்கிற எந்தப் பொள்ளாச்சி விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். தென்னை எனக்கும் பிடிக்கும், சட்னி இல்லாமல் இட்லி இறங்காது; ஆனால் இந்த வழக்கில் தென்னை இரண்டாம் குற்றவாளி.

தோப்பில் உழைத்தவர்கள் மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1814இல் தீவுகள் பிரிட்டனுக்குக் கைமாறின, 1835இல் அடிமைமுறை ஒழிந்தது, பிறகு இந்திய ஒப்பந்தக் கூலிகளும் வந்து சேர்ந்தார்கள். மொரீஷியஸ் விளக்குகளுக்கு எண்ணெய் போனதால் 'எண்ணெய்த் தீவுகள்' என்று பெயர். எலியை இவர்கள் யாரும் அழைத்து வரவில்லை. இவர்களையே யாரும் கேட்டு அழைத்து வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பசிபிக் பக்கம் போய்விட்டு வரலாம். சாகோஸில் எலிகள் சத்தமில்லாமல் எச்ச உற்பத்தியை நிறுத்திக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், உலகத்தின் மற்ற பாகங்களில் எச்சத்துக்காக மனிதர்கள் அடித்துக்கொண்டார்கள். பெரு நாட்டின் சின்ச்சா தீவுகளில் மலையாகக் குவிந்திருந்த 'குவானோ', ஐரோப்பிய வயல்களுக்கு உரமாகப் போய் அந்த நாட்டுக் கஜானாவை நிரப்பியது. 1856இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது: உரிமையாளர் இல்லாத எச்சத் தீவை எந்த அமெரிக்கக் குடிமகன் கண்டுபிடித்தாலும் அதை நாட்டுக்குச் சொந்தமாக்கலாம். பேக்கர், ஹௌலண்ட், ஜார்விஸ் என்ற பவளத்தீவுகள் இப்படிச் சேர்ந்தவைதான். இன்றும் அமெரிக்காவின் கையில் இருக்கின்றன. 1864இல் ஸ்பெயின் கடற்படை சின்ச்சா தீவுகளைப் பிடித்தது. அது முற்றி, பெருவும் சிலியும் ஒருபக்கம், ஸ்பெயின் மறுபக்கம் என்று பீரங்கி வெடித்தது. பறவைப் பீயைப் பங்கு போடப் போர்க்கப்பல் அனுப்பியவர்கள், அதைக் கடல் என்ன செய்கிறது என்று ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கவில்லை. வெட்டி எடுத்தால் உரம், விட்டு வைத்தால் மீன். அவர்களுக்குப் பாதிக் கணக்குத்தான் தெரிந்தது.

சாகோஸுக்குத் திரும்புவோம். 1965 நவம்பரில் பிரிட்டன் ஒரு காரியம் செய்தது. மொரீஷியஸுக்குச் சுதந்திரம் தருவதற்கு முன், அதிலிருந்து சாகோஸைக் கத்தரித்துத் தனியாக எடுத்துக்கொண்டது. விலை 30 லட்சம் பவுண்டு. அங்கே ராணுவத் தளம் கேட்டது அமெரிக்கா. பதிலுக்குப் பிரிட்டன் வாங்கிய போலாரிஸ் ஏவுகணைத் திட்டக் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் டாலர் ரகசியமாகத் தள்ளுபடி ஆயிற்று. ஆடித் தள்ளுபடியில் குடம் வாங்கலாம். தீவு கொடுத்து ஏவுகணை வாங்கலாம் என்பது அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அன்றும் தெரியவில்லை, ரகசியமாயிற்றே.

ராணுவத்தின் பார்வையில் இன்னொரு தீவும் இருந்தது. பெயர் அல்டாப்ரா. அங்கே ராட்சத ஆமைகள் உண்டு, ஃபிரிகேட் பறவைகள் உண்டு, நிரந்தரக் குடிகள் இல்லை. விமானத் தளம் வரப்போகிறது என்று தெரிந்ததும் லண்டன் ராயல் சொசைட்டி விஞ்ஞானிகள் கொதித்தார்கள். அமெரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்துகொண்டார்கள். நாடாளுமன்றத்தில் கேள்விக்கு மேல் கேள்வி. பத்திரிகைகளில் ஆமை படம். பவுண்டின் மதிப்புச் சரிந்து அரசாங்கத்துக்குக் காசும் இறுக, 1967 நவம்பரில் அந்தத் தளம் கைவிடப்பட்டது. ஆக, ஆமைக்குக் கமிட்டி இருந்தது. கோர்-பூத் கணக்கு அந்த வகையில் சரிதான்.

ஆமைகள் தப்பித்ததைப் பற்றி எனக்கு ஒரு பொறாமையும் இல்லை. ஆனால் 1968க்கும் 1973க்கும் நடுவே சாகோஸில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் எல்லாரையும் கப்பலேற்றி மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். 1,500 முதல் 2,000 பேர் வரை என்று கணக்குகள் சொல்கின்றன. இவர்கள் எல்லாம் தற்காலிக ஒப்பந்தத் தொழிலாளர்கள், நிரந்தரக் குடிகள் இல்லை என்று காகிதத்தில் எழுதி வைத்தார்கள். தாத்தாவின் கல்லறை அங்கே இருக்கிறது என்றவரிடம், தாத்தாவும் தற்காலிகம்தானே என்று சொல்லாத குறை. அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, புகை விட்டுக் கொன்றார்கள். இந்த இடத்தில் ஜோக் வரவில்லை. மன்னிக்கவும்.

மனிதரை வெளியேற்றினார்கள், நாயைக் கொன்றார்கள். தீவுகளில் மிச்சமிருந்த எலிக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. பூர்வகுடியா, தற்காலிகக் குடியா என்று விசாரிக்கவும் இல்லை.

நாற்பது வருஷம் கழித்துப் பிரிட்டனுக்கு இயற்கை மேல் திடீர்க் காதல் வந்தது. 2010 ஏப்ரல் 1ஆம் தேதி, தேதியைக் கவனியுங்கள், சாகோஸைச் சுற்றி 6,40,000 சதுர கிலோமீட்டர் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். மீன்பிடிக்கத் தடை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த டிசம்பரில் விக்கிலீக்ஸ் ஒரு அமெரிக்கத் தூதரகத் தந்தியை அவிழ்த்துவிட்டது. கடல் பூங்கா வந்துவிட்டால் பழைய குடிகள் திரும்பி வரும் கோரிக்கை அனேகமாகச் செத்துப்போகும் என்று ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அமெரிக்கர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தது அதில் இருந்தது. 1966இல் பறவைக்குக் கமிட்டி இல்லை என்று மனிதரைத் துரத்தியவர்கள், 2010இல் பறவைக்கும் பவளத்துக்கும் தாங்களே கமிட்டியாகி, மனிதரைத் திரும்ப வரவிடாமல் கதவைச் சாத்தினார்கள். 2015இல் சர்வதேசத் தீர்ப்பாயம் அந்த அறிவிப்பு கடல் சட்டத்துக்கு முரண் என்றது. 2019இல் ஹேக் நகரத்து நீதிமன்றம் தீவுகளைச் சீக்கிரம் திருப்பிக் கொடுங்கள் என்று ஆலோசனை சொன்னது. 2025 மே மாதம் மொரீஷியஸுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதிலும் டியாகோ கார்சியா தளம் 99 வருஷக் குத்தகைக்கு. லண்டன்காரர்களுக்குக் காலி பண்ணச் சொன்னால் லீஸ் எழுதத் தெரியும்.

இந்த அமளிக்கு நடுவில், கமிட்டியின் மினிட் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க ஒரு கூட்டம் கிளம்பியது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் நிக் கிரகாமும் கூட்டாளிகளும் வட சாகோஸில் பன்னிரண்டு தீவுகளை எடுத்துக்கொண்டார்கள். ஆறில் எலி உண்டு. ஆறில், கப்பல் உடையாத புண்ணியத்தாலோ என்னவோ, எலி கால் வைத்ததே இல்லை. ஒரே கடல், ஒரே வெயில், ஒரே பவளம். எலி மட்டும் வித்தியாசம். எந்தச் சோதனைச்சாலையிலும் இவ்வளவு சுத்தமாகப் பரிசோதனை அமைக்க முடியாது. இருநூறு வருஷம் முன்பே எலிகள் அமைத்துக் கொடுத்துவிட்டன.

எச்சம் எங்கே போகிறது என்று எப்படிப் பிடிப்பது? லஞ்ச ஒழிப்புத் துறைக்காரர்கள் நோட்டில் ரசாயனம் தடவிக் கொடுத்து, வாங்கியவர் கையைக் கழுவச் சொல்லி, தண்ணீர் சிவப்பானதும் பிடிப்பார்களே, அதே வழி. ஆழ்கடல் மீனைத் தின்கிற பறவையின் எச்சத்தில் நைட்ரஜன்-15 என்ற கனமான நைட்ரஜன் தூக்கலாக இருக்கும். அதைத் தேடினார்கள். எலியில்லாத தீவின் மண்ணில் இருந்தது. செடியின் இலையில் இருந்தது. கடலுக்குள் இறங்கினால் கடற்பஞ்சின் உடம்பில் இருந்தது, பாறைப் பாசியில் இருந்தது, பாசி தின்ற மீனின் தசையில் இருந்தது. வாங்கிய அத்தனை பேர் கையும் சிவப்பு.

2018இல் 'நேச்சர்' இதழில் கணக்கு வெளியானது. எலியில்லாத தீவுகளில் பறவை நெரிசல் 760 மடங்கு அதிகம். மண்ணில் விழும் நைட்ரஜன் 251 மடங்கு அதிகம். பக்கத்துப் பவளப்பாறையில் மீன்களின் மொத்த எடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கிளிமீன் வகையறாக்கள் செத்த பவளத்தைச் சுரண்டும் வேலை மூன்று மடங்குக்கும் மேல். 760 என்பதை ஒரு தரம் நிதானமாக வாசியுங்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு 760 பேர் வந்து, நம் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரே ஒருவர், அதுவும் வழி தவறி வந்தவர் என்றால், நம் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

எனக்கு மிகவும் பிடித்தது 2023இல் வந்த இன்னோர் ஆராய்ச்சி. பவளப்பாறையில் டாம்செல் மீன் என்று ஒரு சின்ன விவசாயி உண்டு. தனக்கென்று ஒரு துண்டு இடம் வளைத்துப் பாசி வளர்க்கும். வரப்பில் யாராவது கால் வைத்தால், தன்னைவிடப் பத்து மடங்கு பெரியவனாக இருந்தாலும், பாய்ந்து கடிக்கும். பறவைத் தீவுக்குப் பக்கத்தில் இருக்கும் மீனுக்கு நிலம் சின்னது, ஆனால் எச்சம் பாய்கிற நஞ்சை. ஆகவே வரப்புத் தகராறு ஓயாது, ஆக்ரோஷம் அதிகம். எலித் தீவுக்குப் பக்கத்து மீனுக்கு நிலம் பெரிது, ஆனால் வானம் பார்த்த பூமி. பாசியில் சத்தில்லை. யாராவது வந்து மேய்ந்தால் 'மேய்ந்துவிட்டுப் போ, என்ன இருக்கிறது இங்கே' என்று பாதி நேரம் கண்டுகொள்ளாது. அதாவது, மரத்தின் மேல் ஓர் எலி முட்டை தின்கிறது, அதனால் தண்ணீருக்கு அடியில் ஒரு மீனுக்குக் கோபம் குறைகிறது. தஞ்சாவூர்க்காரரையும் ராமநாதபுரத்துக்காரரையும் வைத்து நான் இங்கே ஒரு ஒப்பீடு எழுதியிருந்தேன். வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு அடித்துவிட்டார்கள்.

பவளமும் சும்மா இருக்கவில்லை. 2015, 2016இல் கடல் கொதித்து சாகோஸ் பவளங்கள் வெளுத்துச் செத்தன. வெயிலுக்குப் பறவை என்ன செய்யும்? இரண்டு பக்கமும் சாவு ஒன்றுதான். எழுந்திருப்பதில்தான் வித்தியாசம். எச்சம் விழும் கரையில் கிளைப்பவளம் இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. எலிக்கரைப் பவளம் மீண்டெழ நாலு வருஷம் எட்டு மாதம் ஆகுமென்றால், பறவைக்கரையில் மூன்று வருஷம் பத்து மாதத்தில் எழுந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். பத்து மாத வித்தியாசம். அடுத்த கொதிப்பு எந்த வருஷம் என்று யாரும் தாக்கல் சொல்லி அனுப்பாத கடலில் பத்து மாதம் பெரிய காலம்.

அப்படியானால் நகரத்துச் சாக்கடையைக் கடலில் திறந்துவிட்டால் பவளம் இன்னும் செழிக்குமே என்று ஒரு நகராட்சி மூளை கேட்கும். கேட்கக்கூடாது. எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பவளத்துக்கு ஒத்துவருகிற விகிதத்தில் இருக்கின்றன. நம் சாக்கடையிலும் வயல் உரத்திலும் நைட்ரஜன் ஒரேயடியாகத் தூக்கி நிற்கும். பவளம் இன்னும் சுலபமாக வெளுக்கும். பூபியும் கழிக்கிறது, நாமும் கழிக்கிறோம் என்று சமத்துவம் பேச இது இடமில்லை.

எலியை விரட்ட முடியுமா? 2006இல் ஈகிள் தீவில் முயன்று தோற்றார்கள். 2014இல் வாஷ் மரீன் என்ற குட்டித் தீவில் விஷம் வைத்து ஜெயித்தார்கள். அந்தப் பிரெஞ்சுப் பெயரைத் தமிழில் பெயர்த்தால் அச்சு அசலாகக் 'கடற்பசு'. கடற்பசு இப்போது அங்கே பெயரில் மட்டும்தான் இருக்கிறது. எலி பெயரிலும் இல்லை.

கடைசியாக நம்மவர்கள். 2021 அக்டோபரில் கனடாவுக்கென்று கிளம்பிய ஒரு மீன்பிடிப் படகு நடுக்கடலில் தத்தளித்து, இலங்கைத் தமிழர்கள் 89 பேரோடு டியாகோ கார்சியாவில் கரை சேர்ந்தது. கைக்குழந்தைகளும் இருந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன் 'மக்களே இல்லை' என்று காலி செய்த தீவில், அகதி மனு கொடுக்க ஆள் வந்து நின்றால் அதிகாரி என்ன செய்வார்? வேலி போட்டுக் கூடாரம் அடித்து உள்ளே வைத்தார். மூன்று வருஷம் வைத்தார். அந்தத் தீவுப் பிரதேசத்துக்கென்று சட்டப் புத்தகத்தில் இருந்த உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி 2024இல் நேரில் போய்க் கூடாரங்களைப் பார்த்தார். அது சட்டவிரோதக் காவல் என்று டிசம்பரில் தீர்ப்பு எழுதினார்.

அந்தக் கூடாரங்களில் இருந்தவர்கள் செய்தியாளர்களிடம் சொன்ன புகார்களில் ஒன்று எலித் தொல்லை.

தீர்ப்பு வந்த மாதமே பெரும்பாலானவர்களை விமானமேற்றி பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். எலிகள் டியாகோ கார்சியாவிலேயே இருக்கின்றன.